பாடத் தண்ணி

நாலு வருஷமாக வறண்டு கிடந்த கூத்தனேந்தல் தொடக்கப்பள்ளியின் அடிபம்பில், தைப் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள், பதினொன்றே கால் மணிக்கு, ஒன்றாம் வகுப்புக் கவினேஷ் 'ப', 'ட', 'ம்' என்று விரல் வைத்து மூன்று தடவை தனித்தனியாகச் சொல்லிவிட்டு, நாலாவது தடவை யாரும் எடுத்துக்கொடுக்காமல் 'படம்' என்று சேர்த்து வாசித்த அதே நேரத்தில், கைப்பிடியை யாரும் தொடாமலே தண்ணீர் வந்தது. ஒன்றரைக் குடம் வந்தது. பிறகு நின்றது. சத்துணவுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த பஞ்சவர்ணம், கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் குடத்தைப் பம்பின் வாயில் வைத்தாள், அது நிறைந்ததும் பருப்புப் பானையை வைத்தாள், நின்றதும் இரண்டையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. கண்மாய்க்குள் ஆளுயரம் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து மோந்து ஒரு குடம் நிரப்ப ஒரு மணி நேரம் உட்காருகிற ஊரில், வந்த தண்ணீரை யாரும் விசாரிப்பதில்லை.

அமலோற்பவம் டீச்சருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. முதுகுளத்தூரிலிருந்து எட்டுப் பத்து பஸ்ஸில் வந்து, நாலு மணி பஸ்ஸில் திரும்புவார். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இருபத்தேழு பிள்ளைகள். இருபத்தேழு பேருக்கும் ஒரே கூடம், ஒரே கரும்பலகை, ஒரே டீச்சர். ஒன்றும் இரண்டும் ஜன்னல் பக்கம், மூன்றும் நாலும் பலகைப் பக்கம், ஐந்தாம் வகுப்பு கதவுப் பக்கம் என்று பிரித்து உட்காரவைத்து, ஒரு பக்கம் எழுதப் போட்டுவிட்டு மறுபக்கம் சொல்லிக்கொடுத்து, அந்தப் பக்கம் சண்டை வந்தால் இந்தப் பக்கமிருந்தே பெயரைச் சொல்லி அதட்டி, இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர்.

மறுநாள் மூன்றாம் வகுப்பு அனுஷியா, இரண்டு வாரமாகப் பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிக் கட்டுகளை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டில் இருபத்தேழைக் கழிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று நிமிர்ந்து, "டீச்சர், ஒரு கட்டை அவுத்துக்கிறலாமா?" என்று கேட்டாள். டீச்சர் பதில் சொல்வதற்கு முன்னால் வெளியே பம்பு பொழிய ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு மூன்று குடம்.

டீச்சர் சோதித்துப் பார்த்தார். ஏழாம் வாய்ப்பாட்டை இருபத்தேழு பேரும் கூரை அதிரக் கத்தினார்கள், பம்பு அசையவில்லை. பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினார்கள், அசையவில்லை. தெரிந்ததை மறுபடி சொன்னாலும் வரவில்லை, அடுத்தவன் ஸ்லேட்டைப் பார்த்துச் சொன்னாலும் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒன்று முதல் தடவையாக விளங்கும்போது மட்டும் வந்தது. அந்த நேரம் டீச்சருக்குத் தெரிந்த நேரம்தான். பிள்ளையின் இமை ஒரு நொடி நிற்கும், வாய் லேசாகத் திறக்கும், பிறகு பிள்ளை தன்னைத்தானே புதிதாகப் பார்க்கிற மாதிரி சுற்றுமுற்றும் பார்க்கும். இருபத்திரண்டு வருஷமாக அவர் மட்டும் பார்த்து, வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லத் தெரியாமல் இருந்தது, இப்போது ஊருக்கே கேட்கிற சத்தத்தோடு குடத்தில் விழுந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரே வாரத்தில் பள்ளிச் சுவரை ஒட்டித் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன, வண்டிக்கு ஆறு குடம். பெண்கள் கால அட்டவணையை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டார்கள். காலையில் முதல் மணி தமிழ் என்றால் குடிக்கிற குடமும், கணக்கு என்றால் துவைக்கிற வாளியும் வந்தன, ஏனென்றால் தமிழுக்கு வருகிற தண்ணீர் இனித்தது, கணக்குத் தண்ணீர் கொஞ்சம் கடுத்தது, ஆனால் பருப்பு அதில்தான் சீக்கிரம் வெந்தது. இங்கிலீஷ் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைத்தது. "இன்னைக்கு என்ன பாடம் டீச்சர்?" என்று கேட்காமல் யாரும் அவரைத் தாண்டிப் போகவில்லை. ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளும் மிளகாய் பொறுக்கப் போன பிள்ளைகளும் பல் விளக்கி, தலை சீவி, எட்டரைக்கே வந்து உட்கார்ந்தார்கள். பம்பைப் பார்க்க வந்த பொறியாளர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் குழாய்க்குள் ஈரமே இல்லை என்று எழுதிக்கொண்டு, போகும்போது பஞ்சவர்ணத்திடம் ஒரு பாட்டில் தமிழ்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனார். கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். பிள்ளைகளை எழுப்பி எழுப்பிக் கேள்வி கேட்டார். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள், ஒரு சொட்டு வரவில்லை, தெரிந்ததைத்தானே சொன்னார்கள். அவர் ஏமாற்றத்தோடு ஜீப்பில் ஏறியபோது, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜீப்பின் பின்னால் எழுதியிருந்ததைத் தானாகவே வாசித்தான். வண்டி கிளம்பிய புழுதியில் இரண்டு குடம் வந்து விழுந்தது.

மாசி மாதம் பிறந்தபோது தண்ணீர் குறைந்தது. பிள்ளைகள் வேகமாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கவினேஷுக்கு இப்போது ஒரு புதுச் சொல் என்பது ஒரு கரண்டித் தண்ணீர். சுலபமாக விளங்கியதற்குக் கொஞ்சமாகவும், தவித்து விளங்கியதற்கு நிறையவும் வருகிறது என்று டீச்சருக்குத் தெரியும் முன்பே வரிசையில் நின்ற பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர்கள் கண் கதவுப் பக்கம் திரும்பியது.

கதவுப் பக்கம் நம்புலட்சுமி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு, பத்து வயது. அவள் ஆத்தா சண்முகக்கனி, வேலிக்கருவை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவள். மூட்டம் எந்த ஊரிலோ அந்த ஊருக்கெல்லாம் மகளையும் கூட்டிப்போனதில், நம்பு ஐந்து வருஷத்தில் ஐந்து மாதம் சேர்ந்தாற்போலப் பள்ளிக்கூடம் வந்ததில்லை. அவளுக்கு 'அ' தெரியாது. கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், உட்காரச் சொல்லும்வரை நிற்பாள். இந்த இரண்டு வருஷமாக டீச்சர் அவளை அதிகம் கூப்பிடுவதில்லை.

இப்போது ஊர் அவளைக் கூப்பிட்டது. வழியில் பார்க்கிறவர்கள் அவித்த முட்டை கொடுத்தார்கள். ஒருத்தி எண்ணெய் வைத்துத் தலைசீவி, பூ வைத்துவிட்டாள். ஊற்றுக்குப் போனால் சண்முகக்கனியை முதலில் மோக்க விட்டார்கள். "எம்புட்டுத் தண்ணி கெடக்கோ அதுக்குள்ள" என்று பேசிக்கொண்டார்கள். அதோடு, அவள் எதையும் தெரிந்துகொண்டுவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். கடையில் அவளுக்கு வடையைத் தாளில் சுற்றாமல் வாழை இலையில் கொடுத்தார்கள். பஸ் வரும்போது யாராவது அவள் முன்னால் நின்று ஊர்ப் பலகையை மறைத்தார்கள். கவினேஷ் ஒருநாள் மண்ணில் 'ந' போட்டு, "இது உம் பேரு அக்கா" என்று காட்டப் போக, அவன் அம்மாவே காலால் அதை அழித்துவிட்டு அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பஞ்சாயத்துத் தலைவர் வழிவிட்டான் ஒரு மதியம் பள்ளிக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"டீச்சர், நான் சொல்றதத் தப்பா எடுக்கக் கூடாது. பங்குனிப் பொங்கல் வருது. முளைப்பாரி போட்டாப் பத்து நாள் தண்ணி தெளிக்கணும். வெளியூர்ச் சனம் வேற வரும். கைவசம் இருக்கிறது அந்தப் பிள்ளை ஒண்ணுதான். அதுவரைக்கும் அது எதையும் படிச்சுறாமப் பாத்துக்கங்க."

"படிக்காமப் பாத்துக்கிறதுக்கா என்னைய இங்க போட்டிருக்காங்க?"

"பொங்கல் முடிஞ்ச மறுநா மொத்தமாச் சொல்லிக்குடுங்க, யாரு வேணாங்கிறா? ரெண்டு வருஷமா அது சும்மாத்தான உக்காந்திருந்துச்சு. இன்னும் ஒண்ணரை மாசம் உக்காரட்டுமே டீச்சர்."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். டீச்சர் அன்றைக்கு நாலு மணி பஸ்ஸில் உட்கார்ந்து, நம்புவின் தேர்ச்சி அட்டையில் தன் கையால் போட்ட கையெழுத்துகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி, அழகாக இருந்தன.

மறுநாள் காலையில் முதல் வேலையாக நம்புவைக் கதவுப் பக்கமிருந்து எழுப்பித் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். வரிசையில் நின்ற பெண்களிடம் போய், "இன்னையிலருந்து இந்தப் பிள்ளைக்குத்தான் முதல் பாடம். யாரும் எங்கிட்ட வந்து எதுவும் சொல்ல வேணாம்" என்றார். பெண்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகவில்லை.

எட்டு நாள் சொல்லிக்கொடுத்தார். மணலில் எழுதவைத்தார், புளியங்கொட்டையில் அடுக்கவைத்தார், கையைப் பிடித்துச் சுழித்து எழுதவைத்தார். பம்பு காய்ந்து கிடந்தது. ஒன்பதாம் நாள் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, பிள்ளைகளெல்லாம் தட்டோடு வெளியே ஓடிய பிறகு, கேட்டார்.

"ஏன் நம்பு, மனசு வைக்க மாட்டேங்கிற?"

நம்பு தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "படிச்சுட்டா அப்புறம் என்னையப் பாக்க யாரு டீச்சர் வருவா?"

டீச்சர் நீளமாக ஒன்று சொல்ல வாயெடுத்து, அது தனக்கே பொய்யாகப் படவே, விட்டுவிட்டார். ஜன்னல் வழியே தெற்கே பார்த்தார். கருவைக் காட்டுக்குமேல் புகை தெரிந்தது. சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"அது உங்காத்தா மூட்டமா?"

"ஆமா."

"எப்பப் பிரிப்பாங்க?"

நம்பு எட்டிப் பார்த்தாள். "இன்னும் மூணு நாள் ஆகும்."

"இங்க இருந்தே எப்பிடிச் சொல்ற?"

"புகை வெள்ளையா இருக்குல்ல? அது விறகுக்குள்ள இருக்கிற தண்ணி, டீச்சர். அது போனப்பெறகு புகை நீலமா, நூலு மாதிரி வரும். அப்ப மூட்டத்து ஓட்டைய அடைச்சுறணும்."

"அடைச்சா அணைஞ்சுறாது?" என்று கேட்டார் டீச்சர். "தீ எரியக் காத்து வேணும்ல? மண்ணைப் போட்டு மூடுனா எப்பிடி உள்ள எரியும்? அதான் எனக்கு வெளங்கவே மாட்டேங்குது."

"முழுசா மூச்சு விட்டா சாம்பலாப் போயிரும். மூச்சே விடலைன்னா விறகாவே கெடக்கும்." நம்பு தன் மூக்கில் ஒரு துவாரத்தை விரலால் மூடிக் காட்டினாள். "இப்பிடி அரை மூச்சு விடணும். அரை மூச்சு விட்டாத்தான் அது எரியவும் முடியாம, அணையவும் முடியாம, உள்ளுக்குள்ளயே கரியாகும்."

டீச்சரின் இமை நின்றது. 'எரிதலுக்குக் காற்று தேவை' என்று இருபத்திரண்டு வருஷமாக மெழுகுவத்தியையும் கண்ணாடிக் குடுவையையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர், கரி என்பது எரியாமல் வெந்த மரம் என்று அந்த நேரத்தில்தான் புரிந்துகொண்டார். வெளியே பம்பு இரைந்துகொண்டு கொட்டியது.

ஒன்பது குடம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களெல்லாம் உள்ளே ஓடிவந்தார்கள். "நம்பு படிச்சிருச்சா? நம்புதான?" என்று கூச்சல்.

"நான் இல்ல" என்றாள் நம்பு பயந்துபோய். "எனக்கு இது முன்னயே தெரியும்."

"அப்ப யாரு? பிள்ளையெல்லாம் வெளிய திங்குதுக!"

"நான்தான்" என்றார் டீச்சர். "கரிமூட்டம் எப்பிடின்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. நம்பு சொல்லிக் குடுத்துச்சு."

நிறைந்த குடங்களை அப்படியே வைத்துவிட்டு நின்றார்கள். ஒவ்வொருத்தியும் மனசுக்குள் எதையோ கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் பஞ்சவர்ணம்தான் கரண்டியும் கையுமாக முன்னால் வந்தாள்.

"பெரியாளுக்கும் வருமா, டீச்சர்? எனக்கு நாப்பத்தி மூணு வயசு. ஒரு எழுத்துத் தெரியாது. எங்கன உக்காரணும்?"

அன்றைக்கு நாலு மணி பஸ் டீச்சர் இல்லாமல் போனது. அதன்பிறகு ஆறு மணி பஸ்தான் அவருக்கு. பிள்ளைகள் எழுந்துபோன இடத்தில் பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்; ஒன்றாம் வகுப்பு ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு, குச்சியைக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, நாற்பது வருஷம் சாமான் லிஸ்ட்டிலும் மாத்திரை அட்டையிலும் பஸ் பலகையிலும் பார்த்துப் பார்த்துத் தவித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பஞ்சவர்ணம் தன் பெயரை எழுதி முடித்தபோது பதினோரு குடம் வந்தது. "எம் பேருல இத்தன தண்ணியா" என்று அவள் உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். ஆறாம் நாள் வழிவிட்டான் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார், உள்ளே வரவில்லை. தனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் என்று டீச்சரிடம் காதோடு சொன்னார். டீச்சர் அவரைக் கதவுப் பக்கம் உட்காரவைத்தார். அந்த வருஷம் முளைப்பாரி இடுப்புயரம் வளர்ந்தது; தூக்கிக்கொண்டு போனவர்களின் முகம் பச்சைக்குள் தெரியவில்லை.

இதில் நம்புவை எல்லாரும் மறந்துபோனார்கள். முட்டை நின்றது, பூ நின்றது. பயந்தது அப்படியே நடந்தது. மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நாலாம் நாள் டீச்சர் வெயிலோடு வெயிலாகக் கருவைக் காட்டுக்கு நடந்துபோனார். சண்முகக்கனி மூட்டத்தைப் பிரித்துக் கரியை வாரிக்கொண்டிருந்தாள். நம்பு சாக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கோவமா சண்முகக்கனி?"

"எனக்கென்ன டீச்சர் கோவம்." சண்முகக்கனி நிமிராமல் சொன்னாள். "ஒரு மாசம் எம் பிள்ளைக்கு ஊர்ல ஒரு மருவாதி இருந்துச்சு. அது தண்ணிக்கு வந்த மருவாதின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் சந்தோசமா இருந்துட்டேன். பிள்ளை படிக்காம இருந்தாத் தேவலைன்னு நானே நெனச்சேன், டீச்சர். ஆத்தாக்காரி நெனைக்கலாமா அத?"

"நானும் ரெண்டு வருஷம் அப்பிடித்தான் இருந்தேன்" என்றார் டீச்சர். "ரெண்டு பேரும் வாங்க. ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வைக்கிறேன்."

வந்தார்கள். ஆத்தாவும் மகளும் ஒரே ஸ்லேட்டில் எழுதினார்கள். டீச்சர் நம்புவுக்கு 'அம்மா', 'ஆடு' எதுவும் எழுதிப் போடவில்லை. பலகையில் 'க' எழுதினார், 'ரி' எழுதினார், விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார். நம்பு அன்றைக்கு முழுவதும் அதைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். செய்தி பரவிவிட்டது. மூன்றாம் நாள் ஊரில் இருந்த பாத்திரமெல்லாம் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டது, கல்யாண அண்டா, தார் டிரம், மாட்டுத் தொட்டி வரை. ஒரு மாசம் அடைகாத்த பிள்ளை வாசிக்கப் போகிறது, கண்மாயே நிறையும் என்றார்கள்.

நம்பு எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லும்வரை நிற்கிற மாதிரி நிற்கவில்லை.

"கரி" என்றாள்.

பம்பில் ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. சரியாக ஒரு சொம்பு.

அண்டாக்காரர்கள் வாய் பிளந்து நின்றார்கள். ஒருத்தர் பம்பைத் தட்டிக்கூடப் பார்த்தார். பஞ்சவர்ணத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "தவிச்சதுக்குத்தானய்யா தண்ணி. நாம அவளத் தெரியவிடாம வச்சிருந்ததுக்கு எப்பிடி வரும்?" என்றாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு. சண்முகக்கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தச் சொம்பை எடுத்தாள், யாருக்கும் கொடுக்காமல், நின்ற நிலையில், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு வாசி" என்றாள்.

சித்திரை முடிவதற்குள் நம்பு ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பாதிவரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு முதுகுளத்தூர் விடுதியில் சேர்ந்தாள். சேர்த்துவிட்டது டீச்சர்தான், சனிக்கிழமை தோறும் போய்ப் பார்ப்பதும் அவர்தான். சண்முகக்கனி அந்த வருஷ மூட்டத்துக்குச் சிவகங்கைப் பக்கம் போனாள். போகும்போது டீச்சர் அவள் கையில், தன் விலாசம் எழுதிய ஆறு தபால் அட்டைகளைக் கொடுத்திருந்தார்.

ஆவணியில் முதல் அட்டை வந்தது. ஒரு புதன்கிழமை, ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்பிள்ளை ஒன்று அம்மா வேண்டுமென்று அழுதுகொண்டிருந்தபோது, தபால்காரர் ஜன்னல் வழியே நீட்டினார். கரிக்கை பட்ட அட்டை. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், வரி கீழே கீழே இறங்கிப் போயிருந்தது.

'டீச்சர் வணக்கம். நம்பு நல்லா படிக்குதா. இங்க நல்ல மலை. மூட்டம் நனஞ்சு போச்சு. ஆனா சந்தோசம். சண்முகக்கனி.'

டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். அழுத பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மூன்றாம் தடவை வாசித்தார். பிறகு மேசையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, பதில் எழுதினார். நம்பு கணக்கில் எண்பத்தொன்று வாங்கியிருப்பதை எழுதினார், விடுதியில் சோறு பரவாயில்லை என்று எழுதினார், நனைந்த மூட்டத்தை என்ன செய்வீர்கள், எனக்கு விளங்கும்படி விவரமாக எழுதவும் என்று கேட்டார். கடைசியில், மிச்சமிருந்த இடத்தில், பெரிதாக ஒரு 'ழ' போட்டு, அதற்குக் கீழே 'மழை' என்று எழுதி, பத்துத் தடவை எழுதி அனுப்பவும் என்று கையெழுத்திட்டார்.